சென்னையின் எஃப்சி: கோச்சை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடுமா?

பெரியமேடு ரசிகன் | மார்ச் 14, 2025, இரவு 9.40

ஐஎஸ்எல் கால்பந்து லீக்கில் நம் சீசன் முடிந்துவிட்டது. 13 அணிகளில் நமக்கு 11-ஆவது இடம். 24 ஆட்டங்களில் 27 புள்ளி. புள்ளிப்பட்டியலில் முதலிடம் பிடித்து ஷீல்டு வென்ற மோகன் பகான் எடுத்தது 56. அதில் பாதிகூட நம்மிடம் இல்லை.

இரண்டு நாளாக எந்த வாட்ஸ்அப் குழுவைத் திறந்தாலும் ஒரே பேச்சுதான்: பயிற்சியாளர் ஓவன் கோய்லை அனுப்புங்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஏன் என்று கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் அந்த 27-ஐப் பாருங்கள். 2022-23-இல் 27 புள்ளி. 2023-24-இல் 27. இந்த வருடமும் 27. ஆட்டங்கள் 20, 22, 24 என்று கூடிக்கொண்டே போயின, புள்ளி மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறது. போன வருடம் அதே 27-க்கு ஆறாவது இடமும் கோப்பைக்கான ப்ளே ஆஃப் சுற்றும் கிடைத்ததால் நாம் ஏறிவிட்டோம் என்று நினைத்தோம். உண்மையில் ஏறவில்லை, பக்கத்தில் இருந்தவர்கள் சறுக்கியிருந்தார்கள். அதற்கு முன்னால் கோவாவில் பூட்டிய மைதானத்தில் ஆடிய இரண்டு சீசன்களிலும் 20, 20. ஐந்து வருடம், லாஸ்லோ, பாண்டோவிச், பிர்டாரிச், கோய்ல் என்று நான்கு பயிற்சியாளர்கள். நான்கு பேரும் தப்பானவர்கள் என்றால், ஐந்தாவதாக வருபவர் மட்டும் எப்படிச் சரியாக இருப்பார்?

என் கணக்கு வேறு. நாம் கோப்பை வென்ற வருடங்களை எடுத்துக்கொள்ளுங்கள். 2015-இல் களத்தில் ஒரே நேரத்தில் ஆறு வெளிநாட்டு வீரர்கள் ஆடலாம். 2017-18-இல் ஐந்து பேர். 2021-22-இலிருந்து நான்கு பேர்தான். அந்த விதி வந்த பிறகு நாம் ஆறாவது இடத்துக்கு மேலே போனதே இல்லை. இது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. நம் கிளப்புக்கு முதலிலிருந்தே கைவந்த வேலை நல்ல வெளிநாட்டு வீரரைக் கண்டுபிடிப்பது. எலானோ, மென்டோசா, மைல்சன், ரஃபேல் அகஸ்டோ, வால்ஸ்கிஸ், கிரிவெல்லாரோ. ஆறு பேர் ஆடும் காலத்தில் அது பாதி அணி. நான்கு பேர் ஆடும் காலத்தில் மீதி ஏழு பேர் இந்தியர்கள். இந்த லீக்கில் யார் ஜெயிப்பது என்பதை இப்போது அந்த ஏழு பேர்தான் முடிவு செய்கிறார்கள். அந்த ஏழு பேரை நாம் என்ன செய்தோம்?

லாலியன்ஜுவாலா சாங்தே நம்மிடம் இருந்தார். 2022 ஜனவரியில் மும்பைக்குப் போனார். அனிருத் தாபா பதினெட்டு வயதில் நம் சட்டையைப் போட்டவர், கேப்டனாகவும் ஆனார். 2023-இல் மோகன் பகானுக்குப் போனார், அங்கே இரண்டு வருடத்தில் இரண்டு ஷீல்டு. சாங்தே போன அடுத்த சீசனிலேயே லீக்கின் சிறந்த வீரருக்கான கோல்டன் பால் வாங்கினார். அதே 2022-23-இல் வளரும் வீரர் விருது யாருக்குப் போனது தெரியுமா? காரைக்குடிப் பக்கம் கண்டனூர்ப் பையன் சிவசக்தி நாராயணனுக்கு. அவர் ஆடியது பெங்களூருவுக்கு.

ஒரு விருதை நம்மிடமிருந்து போனவர் வாங்கினார். இன்னொன்றை நம் மாநிலத்தில் பிறந்தும் நம்மிடம் வராதவர் வாங்கினார். அந்த வருடம் நமக்கு எட்டாவது இடம். நம் அணிக்கு என்ன நோய் என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

கார்த்தி பல்லாவரம் | மார்ச் 14, இரவு 10.15

அண்ணே, நீங்கள் எழுதியது எல்லாம் சரி. ஆனால் கோச்சுக்குப் பங்கே இல்லை என்று சொன்னால் ஒத்துக்கொள்ள முடியாது.

ஜனவரி 30, கேரளா பிளாஸ்டர்ஸ் மேட்ச். நான் நேரில் இருந்தேன். உட்கார்ந்த சூடு ஏறுவதற்குள் முதல் கோல் விழுந்துவிட்டது. இடைவேளைக்கு முன்னாலேயே நம் ஜோர்டானுக்குச் சிவப்பு அட்டை. 1-3. நம் ஊரில், நம் மைதானத்தில், மஞ்சள் சட்டைக்காரர்களின் சத்தம்தான் கேட்டது. எனக்கு முன்வரிசையில் ஒரு பையன், ஏழெட்டு வயது இருக்கும், கன்னத்தில் நீலச் சாயம் பூசி வந்திருந்தான். மூன்றாவது கோல் விழுந்ததும் அவன் அப்பா கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்து அந்தச் சாயத்தைத் துடைத்துவிட்டார். வெளியே போகும்போது யாரும் கிண்டல் செய்துவிடக் கூடாதே என்றுதான் இருக்கும். நான் அவர்களுக்குப் பின்னாலேயே படி இறங்கினேன். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

ஆட்டத்துக்கு ஆட்டம் தொடக்கத்திலேயே பின்தங்குவது, முன்னிலை எடுத்தால் தக்கவைக்க முடியாமல் திணறுவது, இதெல்லாம் பயிற்சியில் சரிசெய்ய வேண்டிய விஷயங்கள். இதற்கு நிர்வாகத்தைச் சொல்லி என்ன பயன்?

புள்ளிப்பட்டியல் | மார்ச் 14, இரவு 11.02

இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. கொஞ்சம் எண்களை வைத்துப் பேசுவோம்.

லாஸ்லோ வருடத்தில் (2020-21) 20 ஆட்டத்தில் நாம் அடித்தது 17 கோல், வாங்கியது 23. பதினோரு டிரா. கோல் அதிகம் வாங்கவும் இல்லை, அதிகம் அடிக்கவும் இல்லை. அடுத்த வருடம் பாண்டோவிச். அப்போதும் அடித்தது அதே 17, வாங்கியது 35. அதற்கடுத்து பிர்டாரிச். அடித்தது 36, வாங்கியது 37. முன்கள ஆட்டம் ஒரே வருடத்தில் இரட்டிப்பாகிவிட்டது, டிஃபென்ஸ் அப்படியே ஓட்டை. அவரையும் ஒரு சீசனோடு அனுப்பிவிட்டோம்.

என்ன தெரிகிறது? ஒருவர் வந்து ஒரு பக்கத்தைச் சரிசெய்தால், இன்னொரு பக்கம் பிய்ந்தது. அடுத்தவர் வந்ததும் சரியான பக்கத்தையும் சேர்த்துக் கலைத்தார். முதலாமவர் கட்டிய டிஃபென்ஸோடு மூன்றாமவரின் அட்டாக் சேர்ந்திருந்தால் நாம் முதல் நான்கில் இருந்திருப்போம். சேரவே விடவில்லை.

இந்த சீசனில் இன்னொன்று. ஜாம்ஷெட்பூரை நவம்பரில் அவர்கள் ஊரில் 5-1, கடைசி ஆட்டத்தில் இங்கே 5-2. ஐந்தாவது இடத்தில் முடித்த ஒரு அணிக்கு எதிராகப் பத்து கோல். ஆக ஆடத் தெரியாத அணி இல்லை இது. ஒரு நாள் ஆடியதை அடுத்த வாரமும் ஆட முடியாத அணி.

பழைய கேலரி | மார்ச் 15, காலை 6.50

தம்பிகளுக்கு வணக்கம். 2014-இலிருந்து இந்த அணியைப் பார்க்கிறேன். அதற்கு முன்னால் இதே நேரு ஸ்டேடியத்திலும் ஊரில் இருக்கும் மற்ற மைதானங்களிலும் இந்தியன் வங்கி, ஐசிஎஃப் ஆட்டங்களைப் பார்த்து வளர்ந்தவன்.

கார்த்தி தம்பி கோச்சைப் பற்றிச் சொன்னதால் ஒரு விஷயம். 2018 மார்ச் 17, பெங்களூரு கண்டீரவா மைதானம், பெங்களூருவுக்கு எதிராக இறுதி ஆட்டம். ராத்திரி முழுக்க ரயிலில் நின்றுகொண்டே போனேன். ஒன்பதாவது நிமிடத்தில் சேத்ரி தலையால் முட்டிக் கோல் போட்டார். அரங்கமே அதிர்ந்தது. எங்கள் சின்னக் கூட்டம் ஓரமாக உட்கார்ந்திருந்தது, யாரும் வாய் திறக்கவில்லை. அப்புறம் நம் கிரெகரி நெல்சன் ஒரு கார்னர் போட்டார், மைல்சன் எகிறி முட்டினார். இடைவேளைக்குச் சற்று முன்னால் இன்னொரு கார்னர், மறுபடி அதே நெல்சன், அதே மைல்சன். மூன்றாவது ரஃபேல் அகஸ்டோ. 3-1. கடைசி நேரத்தில் அவர்கள் இன்னொன்று போட்டும் 3-2, கோப்பை நமக்கு.

அந்த இரண்டு கார்னரும் ஒரே நாளில் வந்ததில்லை. சீசன் முழுக்க யார் போடுவார், யார் எங்கே ஓடுவார், யார் தடுப்பவரை இழுத்துக்கொண்டு போவார் என்று பழகிப் பழகி வந்தது. நடுவில் நம் வியாசர்பாடி தன்பால் கணேஷ் நின்றார். பந்து எங்கே சிதறினாலும் முதலில் அங்கே இருப்பவர் அவர்தான். முன்னால் ஜெஜே, அந்த வருடம் அவருக்கு ஒன்பது கோல்.

ஆறே மாதத்தில் என்ன ஆனது? கேப்டன் செரினோ இல்லை. கணேஷுக்கு முழங்காலில் அடி, சீசன் முழுக்க வெளியே. ஜெஜேயின் கால் ஓடவில்லை. 18 ஆட்டத்தில் 2 வெற்றி, 9 புள்ளி, கடைசி இடம். கோப்பை வென்ற கோச்தான் அப்போதும் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார். அதே ஜான் கிரெகரி. கோச் மட்டும் போதும் என்றால் அது எப்படி நடந்தது?

கார்த்தி பல்லாவரம் | மார்ச் 15, காலை 9.20

ஐயா, உங்கள் அனுபவத்துக்கு முன்னால் நான் சின்னவன். ஆனால் அடுத்த வருடமே எதிர்ப்பக்கத்துக்கும் சாட்சி இருக்கிறதே. 2019-20-இல் கிரெகரி போய்க் கோய்ல் வந்தார். கீழே கிடந்த அணியை அதே வீரர்களோடு இறுதி ஆட்டம் வரை கொண்டுபோனார். அப்போது கோச்தானே மாற்றினார்?

பெரியமேடு ரசிகன் | மார்ச் 15, காலை 11.45

நல்ல கேள்வி கார்த்தி. நேற்று ராத்திரி நானும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

கோய்ல் மாற்றினார், மறுக்கவே முடியாது. ஆனால் அவர் கையில் என்ன இருந்தது பாருங்கள். வால்ஸ்கிஸ், அந்த வருடம் 15 கோல், அதிக கோல் அடித்தவருக்கான கோல்டன் பூட். கிரிவெல்லாரோ. பின்னால் சபியா, கோயன். இந்தியர்களில் தாபா, சாங்தே, ஜெரி, நம் தமிழ்நாட்டு எட்வின். 2020 பிப்ரவரி 29, கோவாவுக்கு எதிராக அரையிறுதி முதல் ஆட்டம், 4-1. நேரு ஸ்டேடியத்தில் நான் பார்த்ததிலேயே சிறந்த நாற்பத்தைந்து நிமிடம் அந்த இரண்டாம் பாதிதான். தாபா ஒன்று, சாங்தே ஒன்று. இரண்டு இந்தியர்கள், இரண்டு பேருக்கும் 22 வயதுதான் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிக்கொண்டே கத்தியது ஞாபகம் இருக்கிறது. இன்னும் பத்து வருடத்துக்குக் கவலையில்லை என்று நினைத்தேன்.

அடுத்த சீசனில் கோய்ல் ஜாம்ஷெட்பூர் போனார். வால்ஸ்கிஸும் அங்கேயே போனார். கிரிவெல்லாரோ பாதி சீசனில் கணுக்கால் உடைந்து போனார். அப்புறம் சாங்தே. அப்புறம் தாபா. இறுதி ஆட்டம் வரை போன ஒரு அணியை நான்கு வருடத்துக்குள் ஆணி வேரோடு இழந்துவிட்டோம். அதே கோய்ல் 2023-இல் திரும்பி வந்தபோது அவருக்காக அங்கே காத்திருந்தது வேறு அணி. அதனால்தான் அவரை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கேரளா மேட்ச் பற்றி எழுதியிருந்தீர்களே, அந்தக் கைக்குட்டை. படித்துவிட்டு அதற்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியவில்லை.

கவிதா அண்ணாநகர் | மார்ச் 15, மதியம் 1.30

இன்னொரு பக்கமும் இருக்கிறது, யாரும் தொடவில்லை. கூட்டம்.

நானும் என் மகளும் 2017-லிருந்து போகிறோம். கோவிட் வந்து 2020 பிப்ரவரிக்குப் பிறகு இரண்டரை வருடத்துக்கு மேல் சென்னையில் ஆட்டமே இல்லை. 2022 அக்டோபரில்தான் திரும்ப வந்தார்கள். என் மகள் மூன்றாம் வகுப்பிலிருந்து ஆறாம் வகுப்புக்குப் போய்விட்டாள். அவள் வகுப்பில் கூட வந்துகொண்டிருந்த பிள்ளைகள் யாருக்கும் இப்போது இந்த அணியில் ஒரு வீரர் பெயர் தெரியாது. வருடா வருடம் முகம் மாறினால் குழந்தைக்கு யாரைப் பிடிக்கும்? அவள் சுவரில் இன்னும் ஒட்டியிருப்பது தாபாவின் படம். நம் நீலச் சட்டையில் இருக்கிறார் என்பதால் கிழிக்க மாட்டேன் என்கிறாள்.

ஆட்டம் ராத்திரி ஏழரைக்கு. வார நாளில் முடிந்து வெளியே வர ஒன்பதரை ஆகிவிடும். ஓட்டப்பாதைக்கு அந்தப் பக்கம் இருக்கும் களத்தைத் தூரத்திலிருந்து பார்க்க வேண்டும். ரசிகர் குழுக்களான பி ஸ்டாண்ட் ப்ளூஸ் பிள்ளைகளும் சூப்பர் மச்சான்ஸும் தொண்டை கிழியக் கத்துவதால்தான் மைதானம் மைதானமாக இருக்கிறது. அவர்களுக்கு நன்றி சொல்லாமல் இந்த அணியைப் பற்றிப் பேசவே கூடாது. ஆனால் மற்ற இருக்கைகள் காலியாக இருக்கும்போது பதினோரு பேருக்கும் அது தெரியாதா?

புள்ளிப்பட்டியல் | மார்ச் 15, மாலை 4.10

பணத்தைப் பற்றியும் பேசவேண்டும். மோகன் பகான், மும்பையோடு நாம் ஏலம் கேட்க முடியாது. தாபாவுக்கு அவர்கள் கொடுத்ததை நாம் கொடுத்திருக்க முடியாது. ஒரு வீரர் தன் நல்ல வயதில் நல்ல சம்பளத்துக்குப் போனால் அதைத் தப்பென்று சொல்ல முடியாது.

ஆனால் பணம் இல்லாதவர்கள் எல்லாரும் நம்மைப்போலத் தடுமாறுகிறார்களா என்றால் இல்லை. நார்த்ஈஸ்ட் யுனைடெட்டைப் பாருங்கள். 2023-இல் பயிற்சியாளராகப் பெனாலி வந்தார், முதல் சீசனில் ப்ளே ஆஃப் கூடப் போகவில்லை. அனுப்பவில்லை. அடுத்த ஆகஸ்டில் மோகன் பகானையே கொல்கத்தாவில் தோற்கடித்து டுராண்ட் கோப்பை. இந்த லீக்கில் நான்காவது இடம். அலாதீன் அஜராயி 23 கோல் அடித்தார், சரி, அப்படி ஒருவர் எல்லாருக்கும் கிடைக்கமாட்டார். ஆனால் அவருக்குப் பந்து கொண்டுவந்து கொடுத்த இந்தியப் பையன்கள் இரண்டு வருடம் சேர்ந்து ஆடியவர்கள். கானர் ஷீல்ட்ஸ் நமக்கு எத்தனை வாய்ப்பு உருவாக்கிக் கொடுத்தார், அதை முடிக்க யாருக்குப் பழக்கம் இருந்தது?

வியாசைக் கோச் | மார்ச் 15, இரவு 8.25

இந்த இழையை நேற்றிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். எழுதலாமா வேண்டாமா என்று இருந்தேன். எழுதிவிடுகிறேன்.

வியாசர்பாடியில் பிள்ளைகளுக்குப் பந்து சொல்லிக்கொடுக்கிறேன். காலை ஐந்தரைக்கு மைதானத்துக்கு வந்தால் எனக்கு முன்னால் இருபது பேர் நிற்பார்கள். எங்கள் மண் கெட்டி மண். பந்து எகிறும், பக்கவாட்டில் ஓடும். அதில் முதல் தொடுதலிலேயே பந்தை அடக்கப் பழகியவனுக்குப் புல் தரை கொடுத்தால் எப்படி ஆடுவான் என்று நினைத்துப் பாருங்கள்.

போன வருடம் பதினைந்து வயதுப் பையன் ஒருவனை ஒரு கிளப்பின் தேர்வுக்குக் கூட்டிப்போனேன். எந்தக் கிளப் என்பது முக்கியமில்லை. வெயிலில் நூறு பேருக்கு மேல் வரிசையில் நின்றார்கள். நெஞ்சில் ஒரு எண் ஒட்டினார்கள். பதினொரு பேர் கொண்ட இரண்டு அணியாகப் பிரித்து இருபது நிமிடம் ஆடவிட்டார்கள். இவன் லெஃப்ட் விங், இடது ஓரமாக முன்னேறி ஆடுபவன். இவனை வலது பக்கத் தடுப்பில், ரைட் பேக்கில் நிறுத்திவிட்டார்கள், அங்கே ஆள் குறைவாம். இருபது நிமிடத்தில் நான்கு முறை பந்து வந்தது. நான்கையும் ஒழுங்காகத்தான் கொடுத்தான். விசில் அடித்ததும் எண்ணைத் திருப்பி வாங்கிக்கொண்டு, சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். வரும் வழியில் பேருந்தில் அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. நெஞ்சில் அந்த ஸ்டிக்கரின் பசை மட்டும் ஒட்டியிருந்தது, அதை நகத்தால் சுரண்டிக்கொண்டே வந்தான்.

யாரையும் திட்டுவதற்காகச் சொல்லவில்லை. சிவசக்தி எங்கிருந்தோ திடீரென்று வரவில்லை. ராமன் விஜயனின் பயிற்சிப் பள்ளியில் வளர்ந்தான், பெங்களூருக்காரர்கள் ரிசர்வ் அணியில் வைத்துப் பொறுமையாக ஆடவிட்டார்கள். நம் சென்னைப் பையன் நந்தகுமார் டெல்லி, ஒடிசா என்று சுற்றி ஈஸ்ட் பெங்கால் போனான். 2023 ஆகஸ்டில் டுராண்டில் மோகன் பகானுக்கு எதிராக ஒற்றைக் கோல் அடித்து நான்கரை வருடத்துக்குப் பிறகு அவர்களுக்கு அந்த டெர்பியை, ஒரே ஊர் அணிகளின் மோதலை, ஜெயித்துக் கொடுத்தான். அன்று எங்கள் தெருவில் டீக்கடைப் போனில் அந்தக் கோலைப் பார்த்தோம். எல்லாரும் கைதட்டினோம். சந்தோஷம்தான். ஆனால் அந்தச் சட்டை சிவப்பும் மஞ்சளும்.

பழைய கேலரி | மார்ச் 15, இரவு 9.05

கோச் சார், உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். அந்தக் காலத்தில் வங்கி, ரயில்வே அணிகளின் ஆட்கள் லீக் ஆட்டங்களின் ஓரத்தில் சும்மா நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒரு பையனை ஏழெட்டு ஆட்டம் பார்த்த பிறகுதான் கூப்பிடுவார்கள். கூப்பிட்டால் வேலை. வீட்டில் விளக்கேறிவிடும். இருபது நிமிடத்தில் யாரையும் எடைபோடவில்லை.

பெரியமேடு ரசிகன் | மார்ச் 15, இரவு 9.50

இதைத்தான் நான் சுற்றிச் சுற்றி எழுதிக்கொண்டிருந்தேன், நீங்கள் நேராகச் சொல்லிவிட்டீர்கள்.

கார்த்தி, கோய்ல் இருக்கட்டும் போகட்டும். யார் வந்தாலும் எனக்கு வேண்டியது இரண்டுதான். இருபத்திரண்டு வயதுக்குக் கீழே இருக்கும் இந்திய வீரர்களில் உருப்படியான நான்கைந்து பேருக்கு நீண்ட ஒப்பந்தம் கொடுத்து, கோச் மாறினாலும் அவர்களைக் கலைக்காமல் வைக்க வேண்டும். வியாசர்பாடியிலும் தூத்தூர்க் கடற்கரையிலும் கோயம்புத்தூரிலும் வருடம் முழுக்க உட்கார்ந்து ஆட்டம் பார்க்கும் ஆட்கள் வேண்டும். தேர்வு நாளுக்கு மட்டும் வருபவர்கள் போதாது.

கார்த்தி பல்லாவரம் | மார்ச் 15, இரவு 10.10

ஒத்துக்கொள்கிறேன் அண்ணே. ஆனால் கோச் விஷயத்தில் என் கருத்து அப்படியேதான் இருக்கிறது. அந்த முதல் பத்து நிமிடத் தூக்கத்துக்கு யாராவது பதில் சொல்லித்தான் ஆகவேண்டும்.

கோச் சார், அந்தப் பையன் இப்போது என்ன செய்கிறான்? இன்னும் ஆடுகிறானா?

வியாசைக் கோச் | மார்ச் 15, இரவு 10.40

ஆடுகிறான் தம்பி. இப்போது பத்தாம் வகுப்பு. பரீட்சை முடிகிற வரைக்கும் காலையில் ஒரு மணி நேரம் மட்டும் வா என்று சொல்லியிருக்கிறேன், ஒன்றரை மணி நேரம் இருக்கிறான்.

ஜனவரியில் எங்கள் ஊரில் ஒரு போட்டி நடந்தது. வெளியூரிலிருந்து ஒருவர் வந்து மூன்று நாளும் கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு, கடைசி நாள் என் நம்பரை வாங்கிக்கொண்டு போனார். போன வாரம் கூப்பிட்டார். பரீட்சை முடிந்ததும் ஒரு மாதம் அங்கே தங்கிப் பயிற்சி எடுக்கட்டும், லெஃப்ட் விங்கிலேயே பார்க்கிறோம் என்றார்.

பெரியமேடு ரசிகன் | மார்ச் 15, இரவு 10.44

எந்த ஊர் கோச்?

வியாசைக் கோச் | மார்ச் 15, இரவு 10.51

பெங்களூரு. பிருந்தாவனில் டிக்கெட் போட்டாச்சு.